நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம்தான் வேண்டுமா?



சமீபத்தில் மூன்று வீடுகளிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வந்தது. "சார், நிச்சயத்துக்கு வைர மோதிரம்தான் போடணும்னு பேச்சு. வேற கல் போட்டா மரியாதைக் குறைவா?" அதில் ஒரு வீட்டில், இருக்கிற நகையை அடகு வைத்து வைரம் வாங்கும் யோசனை ஓடுகிறது. நான் நகை வியாபாரி இல்லை, வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றுவதுதான். மோதிரம் மாற்றுவது பிறகு வந்தது. வைரம் வசதியானவர்கள் தோட்டிலும் மூக்குத்தியிலும் இருந்தது. மற்ற வீடுகளில் சிவப்புக்கல் தோடு. அதை யாரும் குறைவாகப் பேசியதில்லை.

இன்னும் பின்னே போவோம். நம் தருமபுரிதான் சங்க காலத் தகடூர். அதியமானின் அந்தத் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதே பத்தில் 74ஆம் பாட்டு, கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைப் புகழ்கிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பெரில், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. முடித்த மணிகள் மட்டுமல்ல, பாதி வேலையில் விட்ட கற்களும் கிடைத்தன. அதாவது அது கல் பட்டறை நடந்த ஊர். பெரில் கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே கிடைத்தது.

ரோமானிய அறிஞர் பிளினி 1ஆம் நூற்றாண்டில், பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்று எழுதினார். பளிங்குக்கு நிறமேற்றி போலிக் கல் செய்யவும் இந்தியர்கள் கற்றிருக்கிறார்கள் என்றும் எழுதினார். மாற்றுக் கல் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை!

வைரமும் நம் நாட்டுப் பொருள்தான். 1720களில் பிரேசிலில் கிடைக்கும் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கம் பேர் பெற்றது. 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டெடுத்தார்கள். பிறகு அங்கே அள்ள அள்ளக் கிடைத்தது. நம் பாட்டிமார் "ப்ளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொன்ன வைரத்தின் பெயர் அங்குள்ள ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது.

கல் பெருகினால் விலை இறங்க வேண்டும் அல்லவா? 1888இல் தொடங்கிய டி பியர்ஸ் நிறுவனம், சந்தைக்கு வரும் அளவைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்தது. 1947இல் அமெரிக்காவில் அதன் விளம்பரத்துக்காக ஃபிரான்சிஸ் கெரட்டி என்ற பெண்மணி "வைரம் என்றென்றும்" என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதினார். நிச்சயம் என்றால் வைர மோதிரம் என்ற எண்ணம் ஊர் ஊராகப் பரவியதில் அந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் முன்னோர் சொன்ன சாஸ்திரம் அல்ல அது.

1954இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம் செயற்கை முறையில் வைரத்தையே உண்டாக்கியது. இன்று சூரத்தில் ஆய்வக வைரம் பெரிய தொழில். அதுவும் கார்பன்தான், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. விலை மிகவும் குறைவு. ஆனால் திரும்ப விற்கப் போனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சுரங்க வைரத்துக்கும் பெரும்பாலும் வாங்கின விலை வராது. தங்கம் மாதிரி இல்லை.

ஆகவே என் பதில் இதுதான். தினமும் போடும் மோதிரம் என்றால் கடினம் பாருங்கள். மோஸ் அளவில் வைரம் 10, மாய்சனைட் 9.25, நீலமும் கெம்பும் 9, பெரில் 7.5 முதல் 8. எந்தக் கல்லானாலும் சான்றிதழும் பில்லும் கேட்டு வாங்குங்கள். ஆய்வகக் கல் என்றால் இரு வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால்தான் மனக்கசப்பு.

கடன் வாங்கி மட்டும் வைரம் வாங்காதீர்கள். வட்டி கட்டப் போவது அந்தப் பிள்ளைகள்தான். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள், சார் சொன்னார் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய கல் நகை இருந்தால் அதன் கதையைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

வாழ்க நலமுடன்.