கணினித் திரை வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் எழுதாத சில விடயங்கள்

மொனிட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எந்தக் கொம்பனி நல்லது?" என்றுதான். கடைக்காரரும் டெல், எச்பி, சாம்சங், எல்ஜி, ஏசர், பிலிப்ஸ் என்று அடுக்கிவிட்டு, தன்னிடம் அதிகம் இருப்பு உள்ளதைக் காட்டுவார். எங்கள் மக்களில் பலருக்கு இந்தப் பணம் ஒருமுறை மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் அனுப்பியதாக இருக்கும், சீட்டுக் காசாக இருக்கும், சுயதொழிலுக்கென்று எடுத்த கடனாகவும் இருக்கும். வீட்டிலிருந்தபடி தமிழ்த் தட்டச்சு செய்து குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு அந்தத் திரை பழுதாகிப் போனால் வருமானமே நின்றுவிடும். ஆகவே கொம்பனிப் பெயர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

மொனிட்டரின் விலையில் பெரும்பங்கு முன்னால் ஒளிரும் தகட்டுக்கே உரியது. அதைப் பனல் என்பார்கள். உலகில் அதைப் பெருமளவில் தயாரிக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தென் கொரியாவின் எல்ஜி டிஸ்பிளே, தாய்வானின் ஏயூஓ மற்றும் இன்னோலக்ஸ், சீனாவின் பிஓஇ மற்றும் சிஎஸ்ஓடி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. டெல், எச்பி போன்றவை பனல் தயாரிப்பதில்லை. இவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. சாம்சங்கும் தன் சுசோ தொழிற்சாலையை சிஎஸ்ஓடிக்கு விற்க 2020 இல் உடன்பட்டு, 2022 இல் எல்சிடி பனல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பிலிப்ஸ் என்ற பெயரில் இன்று வரும் மொனிட்டர்களைச் செய்வது டிபிவி என்ற நிறுவனம். ஏஓசியும் அவர்களுடையதுதான். கடையில் அருகருகே வைத்து இரண்டில் எது நல்லது என்று நாம் யோசிக்கும் பெட்டிகள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். இன்னொரு பக்கம், ஒரே கொம்பனியின் மலிவு வரிசைக்கும் அலுவலக வரிசைக்கும் இடையிலுள்ள வித்தியாசம், இரண்டு கொம்பனிகளுக்கு இடையிலுள்ளதை விடப் பெரிதாக இருக்கும்.

எனவே முதலில் கேட்கவேண்டியது பனல் வகை. ரிஎன் பனல் மலிவானது, ஆனால் பக்கவாட்டில் நின்றோ சற்றுக் கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். விஏ பனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க நல்லது. ஐபிஎஸ் பனல் எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். மூன்று பிள்ளைகள் ஒரு திரையின் முன் அமர்ந்து பாடம் பார்க்கும் வீட்டுக்கும், நாள் முழுவதும் எழுத்து வேலை செய்பவருக்கும் ஐபிஎஸ்ஸே என் தெரிவு. பெட்டியில் வகை எழுதப்படவில்லை என்றால் மாதிரி இலக்கத்தைக் குறித்துவந்து இணையத்தில் தேடிப் பாருங்கள். கடைக்காரர் "எல்ஈடி" என்று மட்டும் சொன்னால் அது பதில் அல்ல. அது பின்னால் எரியும் விளக்கின் பெயர், இன்று விற்கும் எல்சிடி மொனிட்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது.

அடுத்தது, தமிழ் எழுத்து. ஆங்கிலத்தை வைத்து எழுதப்படும் மதிப்பீடுகளில் இதை யாரும் சொல்வதில்லை. 'க' என்பதற்கும் 'க்' என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு சின்னப் புள்ளி. 'ணு', 'ணூ', 'னு', 'னூ' ஆகியவை சிறிய அளவில் ஒன்றோடொன்று குழம்பும். ஓர் அங்குலத்தில் எத்தனை படப்புள்ளிகள் என்பதில்தான் இந்தத் தெளிவு தங்கியிருக்கிறது. 1920க்கு 1080 என்ற முழு எச்டி அளவு 21.5 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 புள்ளிகளைத் தரும். 24 அங்குலத்தில் 92. அதையே 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்துவிடும். பெரிய திரை என்று ஆசைப்பட்டு 27 அங்குல முழு எச்டி வாங்குபவர் கூடிய காசுக்குத் தடித்த எழுத்தையே வாங்குகிறார். 27 வேண்டுமென்றால் 2560க்கு 1440 அளவுடையதைப் பாருங்கள். பார்வைக் குறைபாட்டால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு மட்டும் 27 முழு எச்டி பொருந்தலாம். 32 அங்குல மலிவு ரிவியைக் கணினிக்குப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல 1366க்கு 768 மட்டுமே. அங்குலத்துக்கு 49 புள்ளிகளில் தமிழ் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தமிழ் ஆவணத்தை பென் டிரைவில் கொண்டுபோய் 11 அளவு எழுத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் மீன் தொட்டி வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டும். நீல நிற விஜிஏ இணைப்பு மட்டும் உள்ள கணினிகள் இன்னும் நிறைய இருக்கின்றன, புதிய மொனிட்டர்கள் சிலவற்றிலோ அது இல்லை. எச்டிஎம்ஐ இருந்தால் அதையே பாவியுங்கள், எழுத்து கூர்மையாக இருக்கும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இலக்கங்களில் பலவற்றை விட்டுவிடலாம். '1 மில்லி செக்கன்' என்பது விளையாட்டுப் பிரியர்களுக்கான கதை. கோடிக்கு ஒன்று என்று எழுதப்படும் 'டைனமிக்' ஒளி வேறுபாடு வெறும் விளம்பரம். உண்மையான அளவு ஐபிஎஸ்ஸில் சுமார் 1000க்கு 1, விஏயில் சுமார் 3000க்கு 1. 'ஃபிளிக்கர் ஃபிரீ' என்பதை மட்டும் கவனியுங்கள். சில திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. தலைக்காயம் பட்டவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இது தொல்லை தரலாம். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் தொலைபேசிக் கமராவால் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் வேறொன்றைக் கேளுங்கள்.

கொம்பனிப் பெயர் உதவுவது வரிசையை அடையாளம் காண்பதற்குத்தான். டெல் மொனிட்டரில் பி2422எச் என்று இருந்தால் முதல் எழுத்து வரிசையையும், 24 அங்குலத்தையும், 22 ஆண்டையும் காட்டும். ஈ மலிவு வரிசை, பி அலுவலக வரிசை, யு உயர்தர வரிசை. பி வரிசையிலும், எச்பியின் ஈ வரிசையிலும், லெனோவோ திங்விஷனின் ரி வரிசையிலும் பெரும்பாலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மலிவு வரிசைகளில் பலவற்றை முன்பின்னாகச் சாய்க்கமட்டுமே முடியும்.

இது எல்லோருக்கும் ஒரே அளவு முக்கியமல்ல. ஆனால் ஷெல் காயத்தால் கழுத்தையோ முதுகையோ நிமிர்த்த முடியாதவருக்கும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலோ கட்டிலிலோ இருந்து வேலை செய்பவருக்கும் மற்ற எல்லாவற்றையும் விட இதுவே முக்கியம். அவர்கள் பின்பக்கத்தில் 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இதை வெசா என்பார்கள். துளைகள் இருந்தால் மடங்கும் கை ஒன்றில் பூட்டித் திரையை முகத்துக்கு நேரே கொண்டுவரலாம். சில மெல்லிய, அழகான மொனிட்டர்களில் இந்தத் துளைகளே இல்லை.

உத்தரவாதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '3 வருடம்' என்று வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு வரவேண்டாம். இங்கு பல பற்றுச்சீட்டுகளின் அடியில் ஒரு வருடம் என்பது 350 நாட்கள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். மின்னல், மின்னழுத்தக் கோளாறு, எரிந்த அடையாளம், உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கும். பனலுக்கும் மின்பலகைக்கும் ஒரே காலமா என்று கேளுங்கள். உத்தரவாதம் தருவது கடையா, கொம்பனியின் முகவரா? பழுதானால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கொடுக்கலாமா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது, எத்தனை நாள் எடுக்கும்? பதில்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கொழும்பில் மட்டும் சேவை நிலையம் உள்ள பெரிய பெயரை விட, உங்கள் நகரக் கடை தானே மாற்றித் தரும் சிறிய பெயர் நமக்கு மேல். கடை கைவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் காத்திருக்கக்கூடாது. அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபின் புதிது வாங்க முடியாத பலர், வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த மொனிட்டர்களைப் பார்க்கிறார்கள். தவறில்லை. மலிவு வரிசையில் புதியதை விட, நல்ல நிலையிலுள்ள பாவித்த அலுவலக வரிசை ஐபிஎஸ் மேல் என்பதே என் கருத்து. பின்பக்கச் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதைப் பாருங்கள். அரை மணித்தியாலம் எரியவிட்டு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். மங்கல் மஞ்சள் நிறம், விளிம்பில் இருட்டு, அழுத்தத் தழும்பு, செத்த புள்ளி எல்லாம் அப்போது தெரியும். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் அனுப்புவதாக இருந்தால், பின்னால் 100 முதல் 240 வோல்ற் என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கு வாங்கியதற்கு இங்கு உத்தரவாதம் கிடைக்கும் என்று நம்பியிருக்கவேண்டாம்.

24 அங்குல மொனிட்டருக்குச் சுமார் 20 வாற் போதும். சிறிய யுபிஎஸ் ஒன்று அதைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தின்போது மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். பஸ்ஸில் கொண்டுவரும்போது பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்து மேலே பொதி ஏற்ற விடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டியையும் உள்ளிருக்கும் ரெஜிபோமையும் எறியவேண்டாம். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவை தேவைப்படும்.