தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டம்

ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டம் என்பது திருமணம், வாரிசுரிமை, நிலப் பயன்பாடு, தலைமைப் பதவி, தகராறு தீர்த்தல் ஆகியவற்றில் ஆப்பிரிக்கச் சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றிவரும் நெறிகளைக் குறிக்கும். இது ஒரே சட்டம் அன்று. தென்னாப்பிரிக்காவில் மட்டும் சூலு, கோசா, சோத்தோ, சுவானா, சோங்கா, வெண்டா முதலிய மக்களிடையே இது பல வேறுபாடுகளுடன் வழங்குகிறது. டச்சுக்காரர் கொண்டுவந்து ஆங்கிலேயர் மாற்றியமைத்த உரோமன்-டச்சுச் சட்டம் அந்நாட்டின் பொதுச் சட்டமாக உள்ளது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 211ஆம் பிரிவு, பொருந்தக்கூடிய வழக்குகளில் நீதிமன்றங்கள் வழக்காற்றுச் சட்டத்தையும் கையாண்டே தீர வேண்டும் என்கிறது. அது அரசியலமைப்புக்கும், வழக்காறு குறித்து இயற்றப்பட்ட சட்டங்களுக்கும் உட்பட்டு இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த ஏற்பு வந்த பிறகு எழுந்த கேள்வி வேறு. எழுதப்படாத ஒரு சட்டத்தின் எந்த வடிவத்தை நீதிமன்றம் ஏற்பது? குடியேற்ற அதிகாரிகள் எழுதிவைத்ததையா, ஊரில் மக்கள் இன்று நடந்துகொள்ளும் முறையையா? இவ்விரண்டையும் சட்ட அறிஞர்கள் 'அலுவல்முறை வழக்காறு' என்றும் 'வாழும் வழக்காறு' என்றும் பிரித்துப் பேசுகின்றனர்.

எழுதப்பட்ட வழக்காறு

ஆங்கிலேயர் நட்டாலை 1843இல் தம் ஆட்சியில் சேர்த்தனர். மிகச் சில அதிகாரிகளை வைத்துக்கொண்டு பெருந்தொகையான ஆப்பிரிக்க மக்களை ஆள வேண்டியிருந்தது. சூலு மொழியைச் சரளமாகப் பேசிய தியோபிலஸ் ஷெப்ஸ்டன் அதற்கு ஒரு வழி கண்டார். குலத் தலைவர்களைக் கொண்டும் அவர்களது வழக்காற்றைக் கொண்டுமே ஆள்வது என்பது அவ்வழி. 1849ஆம் ஆண்டுக் கட்டளை அந்த வழக்காற்றை ஏற்றது. ஆனால் ஆங்கிலேய ஆளுநரையே ஆப்பிரிக்கர்களின் தலைமைத் தலைவராக அமர்த்தியது. மக்கள் தேர்ந்தெடுக்காத, அவர்களின் மொழியும் அறியாத ஒருவர், அவர்களின் மரபின் பெயராலேயே ஆணையிடும் உரிமையைப் பெற்றார்.

1869இல் லோபோலாவுக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. லோபோலா என்பது மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு அளிக்கும் கால்நடைகள். அதன் அளவு இரு குடும்பங்களும் பேசி முடிவு செய்துகொள்ளும் ஒன்று. அரசு அதைச் சாதாரணக் குடிகளுக்குப் பத்து மாடுகள் என்று கட்டிவிட்டது. 1878இல் நட்டால் வழக்காற்றுத் தொகுப்பு எழுதப்பட்டது. 1891இல் அது சட்டமாயிற்று. இதன்படி குடும்பச் சொத்து முழுவதும் குடும்பத் தலைவனுக்கே உரியது. பெண்ணோ, சிறப்பு விலக்குப் பெற்றாலன்றி, எத்தனை வயதானாலும் சட்டத்தின் கண்ணில் மைனர்.

பேச்சு வழக்கில் இருந்த நெறிகள் காலத்துக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப வளைந்து கொடுத்தவை. ஏட்டில் ஏறியதும் அந்த நெகிழ்ச்சி போய்விட்டது. அதிகாரிகள் கேட்டறிந்ததும் பெரும்பாலும் தலைவர்களிடமும் மூத்த ஆண்களிடமுமே. மலாவி, சாம்பியா நாடுகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர் மார்ட்டின் சானக், 'மரபு' என்று நாம் இன்று கருதும் பலவும் குடியேற்றக் காலத்திலேயே உருப்பெற்றவை என்று விளக்கினார். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இராது. கேப் பகுதியை ஆண்ட அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்தபோது, அதைச் சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள்.

1927ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டம் நட்டாலின் முறையை நாட்டின் பெரும்பகுதிக்கு விரித்தது. அரசின் கொள்கைக்கும் 'இயற்கை நீதிக்கும்' முரணான வழக்காற்றை நீதிமன்றம் ஒதுக்கலாம் என்றது. லோபோலாவை மட்டும் அவ்வாறு ஒதுக்கக் கூடாது என்று தனியே குறிப்பிட வேண்டியிருந்தது. திரான்சுவால் நீதிமன்றங்கள் அதற்கு முன் அதை ஏற்க மறுத்திருந்ததே காரணம். எது முரண் என்று முடிவு செய்தவர்கள் வெள்ளை அதிகாரிகளே. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதன் விதிகளும் உயில் எழுதாமல் இறக்கும் ஆப்பிரிக்கரின் சொத்துக்குத் தனி வழி வகுத்தன. மற்றவர் சொத்தை உயர் நீதிமன்ற அதிகாரி கவனிக்க, ஆப்பிரிக்கரின் சொத்தை நீதித்துறை நடுவர் வழக்காற்றுப்படி மூத்த ஆண் வாரிசுக்கு ஒப்படைத்தார்.

கயேலிட்சாவின் இரு சிறுமியர்

கேப் டவுனை ஒட்டிய கயேலிட்சாவில் ஒரு தச்சர் தம் துணைவியுடனும் இரு மகள்களுடனும் வாழ்ந்துவந்தார். துணைவி வீட்டு வேலை செய்பவர். அரசின் வீட்டு மானியத்தில் மனையும் கட்டுமானப் பொருள்களும் வாங்கியிருந்தார் அத்தச்சர். வீடு எழும்பும்முன் 2002இல் உயில் இல்லாமல் இறந்தார். கிழக்குக் கேப் மாகாணத்தில் வசித்த அவருடைய தந்தையே வாரிசு என்று நடுவர் முடிவு செய்தார். ஈமச் செலவுக்காக மனையை விற்கப்போவதாக அவர் கூறினார். மகள்கள் தற்காலிகக் குடிசையிலிருந்தும் வெளியேறும் நிலை ஏற்பட்டது. 'பே' வழக்கு என்று அறியப்படும் இது அரசியலமைப்பு நீதிமன்றத்தை எட்டியது.

2004 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய துணைத் தலைமை நீதிபதி பியஸ் லங்கா, மூத்த ஆண் வாரிசுரிமையை வெறும் ஆண் ஆதிக்கமாக மட்டும் காணவில்லை. பழைய கூட்டுக் குடும்பத்தில் வாரிசு சொத்தைப் பெறுவதோடு, இறந்தவரின் மனைவியையும் மக்களையும் காக்கும் கடமையையும் ஏற்றான். நகர்ப்புறத்துச் சிறு குடும்பங்களில் அந்தக் கடமை நழுவிவிட, உரிமை மட்டும் சட்டத்தின் பலத்தோடு நிலைத்தது. நடைமுறையில் பல குடும்பங்கள் பெண்களுக்கும் பங்கு கொடுத்துவந்தன. ஏட்டுச் சட்டமோ 1927இல் உறைந்து நின்றது. 23ஆம் பிரிவும் ஆண் வாரிசு விதியும் செல்லாதவை என்று தீர்ப்பாயிற்று.

இங்கேதான் நீதிபதிகள் பிரிந்தனர். வாழும் வழக்காறு எது என்று வழக்குக்கு வழக்கு கண்டறிவது கடினம், அதற்குள் பெண்களும் குழந்தைகளும் காத்திருக்க இயலாது என்று கருதிய பெரும்பான்மையோர், பொதுவான உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தை அவ்விடத்தில் வைத்தனர். நீதிபதி சந்திலே எங்கோபோ உடன்படவில்லை. மூத்த மகளும் வாரிசாகும்படி வழக்காற்றையே வளர்த்தெடுக்க வேண்டும். ஒதுக்கிவிட்டால் அது வளர வாய்ப்பேது என்பது அவர் நிலை. நீதி விரைவாகக் கிடைத்தது பெரும்பான்மைத் தீர்ப்பால். ஆயினும் எங்கோபோவின் கவலை இன்றும் உயிரோடிருக்கிறது. 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய வழக்காற்று வாரிசுரிமைச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பான்மையின் வழியையே பின்பற்றியது.

வலோயி மக்களின் தலைவி

நான்கு ஆண்டுகளில் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. லிம்போபோ மாகாணத்து வலோயி மக்கள் சோங்கா மொழியினர். அவர்களின் தலைவர் 'ஹோசி' எனப்படுவார். ஹோசி ஃபோஃபோசா 1968இல் இறந்தபோது அவருக்கு ஆண் மகவு இல்லை. மகள் ஃபிலியா ஷிலுபானா பெண் என்பதால் தம்பி ரிச்சர்ட் தலைவரானார். 1996, 1997ஆம் ஆண்டுகளில் அரச குடும்பமும் அவையும் கூடி, புதிய அரசியலமைப்பில் பெண்ணும் ஆணுக்குச் சமம் என்பதால் அடுத்த தலைமை ஃபிலியாவுக்கே என்று முடிவு செய்தன. 2001இல் ரிச்சர்ட் இறந்ததும் அவர் மகன் சிட்வெல் நுவாமித்வா, தொன்மரபை மாற்ற அவைக்கு உரிமை இல்லை என்று வழக்குத் தொடுத்தார்.

உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கே சார்பாயின. முன்பு எப்படி நடந்ததோ அதுவே வழக்காறு என்று அவை எடுத்துக்கொண்டன. 2008 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத் திருத்தியது. பழைய நடைமுறை ஒரு சான்று மட்டுமே. தன் மரபை மாற்றிக்கொள்ளும் உரிமை அந்தச் சமூகத்துக்கு உண்டு. மாற்றிக்கொண்டதை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஷெப்ஸ்டன் காலத்தில் ஆளுநரின் கைக்குப் போன அதிகாரம் ஊர் அவைக்குத் திரும்பியது என்று சொல்லலாம். ஃபிலியா ஷிலுபானா ஹோசியானார்.

மூத்த மனைவியின் சம்மதம்

ஊர் அவை தீர்மானம் எழுதி வைத்திருந்ததால் வலோயி வழக்கில் சான்று எளிது. அத்தகைய ஏடு இல்லாதபோது என்ன செய்வது? 1998ஆம் ஆண்டின் வழக்காற்றுத் திருமண ஏற்புச் சட்டம் மனைவிக்குக் கணவனோடு சம நிலை அளித்தது. பலதார மணத்தையும் அனுமதித்தது. இரண்டாவது மணத்துக்கு முதல் மனைவியின் சம்மதம் தேவையா என்பதைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. 1984இல் மணந்த ஒரு பெண்ணும், 2008இல் அதே ஆணை மணந்ததாகக் கூறிய மற்றொரு பெண்ணும் அவர் இறந்தபின் நீதிமன்றம் ஏறினர்.

2013இல் இவ்வழக்கை விசாரித்த அரசியலமைப்பு நீதிமன்றம் சோங்கா மரபு குறித்துத் தலைவர்களிடமும் அறிஞர்களிடமும் வாக்குமூலங்கள் பெற்றது. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சம்மதம் வேண்டும் என்றனர் சிலர். முன்கூட்டித் தெரிவித்தால் போதும் என்றனர் வேறு சிலர். இம்முரண்பாட்டை நீதிமன்றம் மரபின் குறையாகக் கொள்ளவில்லை. உயிருள்ள வழக்காற்றில் இத்தகைய வேற்றுமை இயல்பே என்றது. பின்னர், சமத்துவத்தையும் மனித மாண்பையும் முன்வைத்து, சோங்கா வழக்காற்றில் முதல் மனைவியின் சம்மதம் கட்டாயம் என்று பெரும்பான்மை தீர்ப்பளித்தது. இந்த விதி தீர்ப்புக்குப் பின் நடக்கும் திருமணங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முன்பே இரண்டாம் மனைவியாகி, வேறு வழக்கத்தை நம்பி வாழ்ந்துவந்த பெண்களின் திருமணங்களை அது தொடவில்லை.