லிட்டில் ஃபைட்டர் 2: நெல்லைக் கணினி அறைகளில் ஒரு சண்டை விளையாட்டு

லிட்டில் ஃபைட்டர் 2 என்பது விண்டோஸ் கணினிகளுக்காக 1999ஆம் ஆண்டில் வெளிவந்த சண்டை விளையாட்டு ஆகும். ஹாங்காங்கைச் சேர்ந்த மார்ட்டி வாங், ஸ்டார்ஸ்கி வாங் ஆகிய இருவர் இதனை உருவாக்கி, யாரும் விலையின்றிப் பதிவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் விட்டனர். பெரிய நிறுவனமோ, முதலீடோ, விளம்பரமோ இதன் பின்னால் இல்லை. டாஸ் காலத்தில் வந்த லிட்டில் ஃபைட்டர் என்ற சிறு விளையாட்டின் தொடர்ச்சி இது. தனியார் முயற்சியில் உருவாகும் இத்தகைய ஆட்டங்களை இன்று ‘இண்டி’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். அன்று இதை ஆடிய தமிழ்நாட்டு மாணவர்கள் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்கு இது ‘எல்எஃப் 2’, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பள்ளிக் கணினி அறைகள், கல்லூரி விடுதிகள், பிரௌசிங் சென்டர்கள் வழியாக இது தமிழகம் முழுவதும் பரவியது. தாமிரபரணிக் கரை ஊர்களும் விலக்கல்ல. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெயர் பெற்ற பாளையங்கோட்டை, 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதைச் சுற்றி வளர்ந்த பொறியியல் கல்லூரிகள் என்று மாணவர் கூட்டம் மிகுந்த வட்டாரம் இது. மாணவர் மிகுந்த இடத்தில் பென் டிரைவும் மிகும். பென் டிரைவ் இருந்த இடத்தில் இந்த விளையாட்டும் இருந்தது.

முன்னோடிகள்

சண்டை விளையாட்டு என்ற வகை உலகெங்கும் பெயர் பெற்றது 1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மூலம். கையை ரப்பர் போல நீட்டி அடிக்கும் தல்சிம் என்ற யோகி அதில் இந்தியாவின் சார்பில் வந்தார். இந்தியர்களைப் பற்றி வெளிநாட்டார் வைத்திருந்த கற்பனைக்கு அவர் நல்ல சான்று. அதே நிறுவனம் 1993இல் வெளியிட்ட கெடில்லாக்ஸ் அண்டு டைனசார்ஸ் என்ற ஆட்டத்தின் பெயர் நம் நாட்டில் பலருக்குத் தெரியாது. அதில் வரும் முஸ்தபா என்ற வீரனின் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

இவையெல்லாம் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் இருந்தவை. வீட்டில் ஆட வேண்டுமானால் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டி வேண்டும், கேசட் வேண்டும். லிட்டில் ஃபைட்டர் 2 இந்தச் செலவுகள் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் கணினியில், ஒரு கோப்புறையைப் படியெடுத்து வைத்தால் போதும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டத்தை இயக்க மொத்தம் ஏழு விசைகள். நான்கு திசைகள், தாக்குதல், குதித்தல், தடுத்தல். தடுத்தல், ஒரு திசை, பிறகு தாக்குதல் அல்லது குதித்தல் என்று மூன்றை அடுத்தடுத்து அழுத்தினால் சிறப்பு ஆற்றல் வெளிப்படும். டேவிஸ் ஆற்றல் பந்தை எறிவான். ஃபைரன் தீயை உமிழ்வான். ஃப்ரீஸ் எதிரியைப் பனிக்கட்டியாக உறைய வைப்பான். ஜான் காயம் ஆற்றுவான். ஹென்றி வில்லும் குழலும் வைத்திருப்பான். ருடால்ஃப் தன்னைப் போலவே போலி உருவங்களை உண்டாக்கி எதிரியைக் குழப்புவான். இவர்களோடு உட்டி, டென்னிஸ், டீப், லூயிஸ் ஆகியோரும் சேர்ந்து பத்துப் பேர் தொடக்கத்திலேயே கிடைப்பார்கள். வீரரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஆட்டத்தின் இணைய முகவரியைத் தட்டச்சு செய்தால் மறைந்திருக்கும் வீரர்களும் வெளிப்படுவார்கள். இந்த இரகசியம் எந்தக் கையேடும் இல்லாமல் வகுப்பு விட்டு வகுப்பு, ஊர் விட்டு ஊர் சென்றது.

களத்தில் விழும் பொருள்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. கத்தி, கல், மரப்பெட்டி, பந்து இவற்றோடு கம்பும் மண்வெட்டியும் விழும். சிலம்பக் கம்பையும் வயல் மண்வெட்டியையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை அந்நியமாகப்பட்டிருக்காது. பால் புட்டி விழுந்தால் எல்லாரும் அதை நோக்கி ஓடுவார்கள். குடித்தால் உயிர் ஏறும். பீர் புட்டி மந்திர ஆற்றலைக் கூட்டும். சிறுவர் ஆடும் ஆட்டத்தில் பீர் எதற்கு என்று கேட்ட ஆசிரியர்களின் கேள்வியில் நியாயம் உண்டு.

ஒரே திரையில் எட்டு வீரர்கள் மோதலாம். அவர்களில் நால்வரை மனிதர்கள் ஒரே விசைப்பலகையில் இயக்கலாம். இந்த ஒரு வசதிதான் இதன் வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். நாற்பது மாணவருக்குப் பத்துக் கணினி இருந்த கணினி அறையில், ஒரு கணினிக்கு நான்கு பேர் உட்காரும்போது நால்வருக்கும் வேலை கொடுத்த மென்பொருள் இது ஒன்றே.

ஆடியவர்களின் கருத்து

ஆடியவர்கள் இதைப் புகழ்ந்தது போலவே குறையும் சொன்னார்கள். அவற்றுள் முதன்மையானது விசைப்பலகைச் சண்டை. நால்வருக்கு ஏழு விசைகள் வீதம் 28 விசைகள். சாதாரண விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நெடுக்கையுமாக ஓடும் கம்பிகளின் சந்திப்பில்தான் விசைகள் அமைந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தும்போது எது உண்மையில் அழுத்தப்பட்டது என்று சுற்றால் கண்டுகொள்ள முடியாமல் போகும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க விசைப்பலகை சில விசைகளை ஏற்க மறுத்துவிடும். ஒருவன் ஓடும் விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்தவனின் அடி விழாது. தோற்றவர் வேண்டுமென்றே செய்ததாகக் குற்றம் சாட்டுவார், வென்றவர் சத்தியம் செய்வார். காரணம் அறியாமல் நட்பு முறிந்ததும் உண்டு. தொழில்நுட்பக் குறை ஒன்றை மனிதக் குற்றமாக எண்ணிய தலைமுறைக்கு, விசைப்பலகை இயங்கும் முறையை யாராவது அன்றே பாடமாக நடத்தியிருக்கலாம்.

அடுத்த வழக்கு, செயல் விசைகள் பற்றியது. எஃப் 6 அழுத்தினால் மந்திர ஆற்றல் குறையாது. எஃப் 7 எல்லாருக்கும் உயிரை நிரப்பும். எஃப் 8 ஆயுதங்களைப் பொழியும். எஃப் 9 அவற்றை அகற்றும். இவற்றைப் பூட்டிவைக்க எஃப் 3 உண்டு. எஃப் 6 போட்டு ஆடுவது ஆட்டமே அல்ல என்று ஒரு சாரார் கருதினர். அது இல்லாவிட்டால் சிறப்பு அடிகளைப் பார்க்கவே முடியாது என்பது மறு சாராரின் வாதம். ஆட்டம் தொடங்கும் முன் இதற்கு ஓர் உடன்பாடு செய்துகொள்வது எழுதப்படாத வழக்கமாயிற்று.

வீரர்களின் வலிமை சமமாக இல்லை என்பதும் பொதுவான குறை. மறைந்திருக்கும் ஜூலியனையும் ஃபிர்சனையும் யார் எடுத்தாலும் மற்றவர் நிற்க முடியாது. அதனால் நியாயமான போட்டியில் இவர்களுக்குத் தடை போட்டார்கள். உயிர் குன்றிய நிலையில் ஃபைரனும் ஃப்ரீசும் இணைந்தால் ஃபிர்சன் உருவாவான் என்பதைக் கண்டுபிடித்தவன் அன்று வகுப்பில் பெரிய ஆள். படங்கள் கரடுமுரடானவை, கதை என்று சொல்ல ஒன்றுமில்லை, கணினி இயக்கும் எதிரிகள் ஒரே மாதிரி ஓடி வருவார்கள் என்ற குறைகளும் உண்மையே. ஆனால் பக்கத்தில் தோளோடு தோள் உரச நண்பன் உட்கார்ந்திருக்கும்போது இவை பொருட்டாகவில்லை. தனியாக ஆடினால் அரை மணியில் சலித்துவிடும் ஆட்டம் என்பதை அதன் அன்பர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

வன்முறை பற்றிய பெற்றோரின் அச்சம் தனியே கருதத்தக்கது. அடிபட்டு ஆற்றல் குன்றிய வீரனிடமிருந்து சிறு சிவப்புத் துளி சிந்துவதோடு சரி. அதே காலத்தில் வந்த பல துப்பாக்கி ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது கேலிச்சித்திரச் சண்டை. எனினும் சிலம்பத்தில் கம்பைத் தொடும் முன் வணக்கம் சொல்லித்தர ஆசான் ஒருவர் இருப்பார். இங்கே ஆசான் இல்லை. சிறுவர்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே நடுவராக நின்றார்கள்.

பாட வேளையும் மடிக்கணினியும்

அக்காலத்தில் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடம் ஸ்டார் ஆபீசும் சி++ மொழியும் கொண்டது. செய்முறை வேளையில் கடிதம் தட்டச்சு செய்வதும் அட்டவணை போடுவதும்தான் பயிற்சி. அதே கணினியில் யாரோ ஒளித்துவைத்த கோப்புறையில் இந்த ஆட்டம் இருக்கும். ஆசிரியர் அழிப்பார், மறுவாரம் வேறு பெயரில் வந்துவிடும். அழித்த ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. கிராமப்புற மாணவருக்கு வாரத்தில் கிடைத்த கணினி நேரமே மிகக் குறைவு. அதையும் ஆட்டத்தில் விடலாமா என்பது சரியான கவலை.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தின் வீரர்கள் ஒவ்வொருவரும் ஒரு தரவுக் கோப்பாக இருந்தார்கள். அதில் ஒவ்வோர் அசைவும் ஒரு சட்டகம். எந்தப் படம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அடுத்து எந்தச் சட்டகத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று எண்களாக எழுதப்பட்டிருக்கும். கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அதைத் திறக்கும் கருவிகளை உலகெங்கும் இருந்த ஆட்டக்காரர்களே உருவாக்கிப் பகிர்ந்தனர். நோட்பேடில் ஓர் எண்ணை மாற்றினால் டென்னிஸ் இருமடங்கு வேகத்தில் ஓடுவான். அடுத்த சட்டகத்தின் எண்ணைத் தவறாக எழுதினால் நடுவானில் நின்றுவிடுவான். ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நிரல் எப்படித் தாவுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்முறைப் பயிற்சி அன்றைய பாடநூலில் இல்லை. இதைப் பாடத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம். அந்த வாய்ப்பு நழுவிப் போயிற்று.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனத்தின் வழியே மடிக்கணினிகள் வந்தன. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருவைகுண்டம் பகுதிகளின் எத்தனையோ வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. விலையுயர்ந்த ஆட்டங்களை அவை தாங்கா. லிட்டில் ஃபைட்டர் 2 தாராளமாக ஓடியது.

அடுத்த ஆண்டு கடும் மின்வெட்டு ஆண்டு. சென்னை நீங்கலாகப் பிற மாவட்டங்கள் நாளின் பாதியையும் தாண்டி இருளில் கிடந்தன. பாபநாசம் நீர்மின் நிலையத்தையும் கயத்தாறு பகுதிக் காற்றாலைகளையும் கூடங்குளத்தில் எழும்பி நின்ற அணு உலைகளையும் கொண்ட வட்டாரம் இப்படி இருட்டில் உட்கார்ந்திருந்தது கொடுமைதான். கூடங்குளத்தின் முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். அதுவரை தொலைக்காட்சி ஓடாது, மின்விசிறி சுழலாது. மின்கலம் உள்ள மடிக்கணினி மட்டும் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். இணையம் தேவைப்படாத, ஒரே கணினியில் பலர் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டத்துக்குத் திண்ணையில் மவுசு இருந்ததில் வியப்பில்லை.

பிந்தைய நிலை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலிவான இணையம் கைப்பேசிக்குள் புகுந்தது. 2018இல் வந்த பப்ஜி, மாணவர்களை ஆளுக்கொரு திரைக்குப் பிரித்தது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்தபோதும் வேறு ஆட்டங்கள் அந்த இடத்துக்கு வந்தன. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் பெருகி, தமிழ்நாடு அரசு 2022இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. ஆட்டக்காரரிடம் ஒரு காசும் கேட்காத, யாருடைய தகவலையும் திரட்டாத இருவர் படைப்பைப் பார்த்து அன்று பதறிய பெரியவர்கள், ஆபத்தைத் தவறான திசையில் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

மார்ட்டி வாங் பின்னாளில் ஹீரோ ஃபைட்டர் என்ற அடுத்த ஆட்டத்தை வெளியிட்டார். அது தமிழகத்தில் முந்தையதைப் போல வேர்விடவில்லை. ஸ்டார் ஆபீஸ் பாடம் புதிய பாடத்திட்டத்தில் நீங்கி, 2019–20 முதல் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் வந்தது. லிட்டில் ஃபைட்டர் 2 இன்றைய கணினிகளிலும் ஓடும். நால்வர் ஒரே விசைப்பலகையில் கை வைக்கத்தான் இப்போது ஆள் சேர்வதில்லை.