சீனச் சான்றும் தில்லி வேரும்: பியோனியின் பயனும் பாதுகாப்பும் குறித்து

பழைய தில்லியின் காரி பாவ்லிக் கடைகளில் ‘ஊத் சலீப்’ என்ற பெயரில் கிடைக்கும் உலர்வேரை, யுனானி மருத்துவம் வலிப்பு நோய்க்கும் பக்கவாதத்துக்கும் பயன்படுத்துகிறது. இந்தியாவில் அப்பெயரில் வழங்குவது மேற்கு இமயத்தில், காஷ்மீர் முதல் குமாவூன் வரை வளரும் பியோனியா எமோடி. அதன் உறவான பியோனியா லாக்டிஃப்ளோராவின் வேர் சீன மருத்துவத்தின் முதன்மைச் சரக்குகளுள் ஒன்று. அதன்மீது ஆய்வுகள் ஏராளம். அவற்றின் பலத்தை இமயத்து வேருக்கும் ஏற்றிச் சொல்வது எளிது. ஆனால் மருத்துவச் சான்று ஒரு தாவரக் குடும்பத்துக்கு உரியதன்று. குறிப்பிட்ட சிற்றினம், செய்முறை, நோய் ஆகிய மூன்றுக்கும் கட்டுப்பட்டது. பாதுகாப்பு பற்றிய சான்றும் அப்படியே.

1. சீனச் சான்றின் எல்லை

லாக்டிஃப்ளோரா வேரிலிருந்து பிரித்தெடுத்த கிளைகோசைடுத் தொகுப்பை, முடக்குவாத மூட்டழற்சிக்கான மருந்தாகச் சீனா 1998இல் ஏற்றது. அதன் முதன்மைக் கூறு பியோனிஃப்ளோரின். சோதனைகள் பலவற்றில் இது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளோடு துணைமருந்தாகவே தரப்பட்டது. அடிக்கடி காணும் பக்கவிளைவு வயிற்றுப்போக்கு. ஆகவே இச்சான்று பேசுவது தரப்படுத்திய சாற்றைப் பற்றி, மூட்டு நோயைப் பற்றி. கஷாயத்துக்கோ வலிப்புக்கோ அது சாட்சி சொல்லாது.

கூட்டு மருந்தில் சிக்கல் இன்னும் கூடும். 1990களின் தொடக்கத்தில் லண்டனில், லாக்டிஃப்ளோரா உட்பட பத்து மூலிகைகள் சேர்ந்த சீனக் கஷாயம் கரப்பான் நோயாளிகளுக்குப் போலிமருந்தோடு ஒப்பிட்டுத் தரப்பட்டது. 1992இல் வெளியான முடிவுகள் நம்பிக்கையூட்டின. 1999இல் ஹாங்காங்கில் அதே கலவையைச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 28 ஆய்வுகளைத் திரட்டிய 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, கரப்பானுக்குச் சீன மூலிகைகளின் பயன் உறுதிப்படவில்லை என்றது. இதனிடையே தோல் நோய்க்குச் சீன மூலிகைக் கலவைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. தீங்கு எந்த மூலிகையால் வந்தது என்று பிரித்தறிய இயலவில்லை. பியோனியைக் குற்றவாளியாக்கவும் விடுவிக்கவும் அத்தரவுகள் போதா.

2. இமயத்து வேர்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் (Galen) எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. வலிப்பு நோயுள்ள சிறுவன் பியோனி வேரைக் கழுத்தில் அணிந்திருந்தவரை நலமாயிருந்தான். கழற்றியதும் வலிப்பு வந்தது. மீண்டும் அணிவித்ததும் நின்றது. நிறுத்தியும் தொடர்ந்தும் பார்க்கும் இம்முறை கருத்தளவில் நவீனமானது. ஆனால் தானாகவே கூடிக் குறையும் நோயில், ஒரே சிறுவனின் அனுபவத்தைத் தற்செயலிலிருந்து பிரிக்க முடியாது. தவிர, கிரேக்க, அரபு மருத்துவ மரபு அறிந்தது மேற்கத்தியப் பியோனியை. இமயத்து எமோடி இந்தியாவில் அதன் இடத்தைப் பிடித்த மாற்றுச் சரக்கு. எமோடி பற்றிய வெளியீடுகளில் பெரும்பகுதி வேதியியலும் ஆய்வுக்கூடச் சோதனையும்தான்.

நூற்றாண்டுகளாக மக்கள் உண்டது பாதுகாப்பானதுதானே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. உண்டவுடன் தாக்கும் நஞ்சை மரபு கண்டுபிடித்து விலக்கிவிடும். அரிதான, தாமதமான தீங்கை அது காணாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கை ஒருமுறையாவது காண 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால், ஏறக்குறைய 30,000 பேரைக் கண்காணிக்க வேண்டும். எந்த ஹக்கீமின் (யுனானி மருத்துவரின்) நினைவிலும் அத்தனை பேரின் பின்விளைவுகள் தங்கா.

வலிப்பு நோயில் கவலை இரட்டிப்பு. சீனப் பியோனி வேர், வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தியதாக 2001இல் எலிகளில் நடந்த ஆய்வொன்று காட்டியது. மனிதருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைவிட உடனடியான ஆபத்து, வேரை நம்பி வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது. அது தொடர்வலிப்புக்கும் மரணத்துக்கும் இட்டுச்செல்லலாம்.

3. தில்லி காட்டிய வழி

சட்டம் இங்கே மரபின் பக்கம் சாய்ந்திருக்கிறது. மருந்து விதிகளின் 158-பி பிரிவு, அங்கீகரித்த பழநூல்களில் உள்ள யோகத்தை (மருந்துக் கலவையை) அந்நூல் சொன்ன நோய்க்கே செய்வோரிடம் புதிய மருத்துவச் சோதனை கேட்பதில்லை. உரிமம் கிடைத்துவிட்டதாலேயே பயன் நிறுவப்பட்டதாகாது.

மரபையும் சோதனையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்குத் தில்லியிலேயே முன்னுதாரணம் உண்டு. ஹக்கீம் அஜ்மல் கான் உருவாக்கி, காந்தி 1921இல் திறந்துவைத்த கரோல்பாக் திப்பியா கல்லூரியில், சர்ப்பகந்தி வேரிலிருந்து சலீமுஸ்ஸமான் சித்தீகி 1931இல் அஜ்மலின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தார். இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் அவ்வேரின் இரத்த அழுத்தப் பயனைப் பதிவு செய்தார். அதிலிருந்து 1952இல் பிரித்த ரெசர்பின் உலக மருந்தாயிற்று. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகள் பரந்த பயன்பாட்டில்தான் வெளிப்பட்டன. பயனை நிறுவிய வழியே தீங்கையும் காட்டியது.

ஊத் சலீபுக்கும் இதே ஒழுங்கு தேவை. கடைச்சரக்கின் சிற்றினத்தை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு ஜனக்புரியிலுள்ள மத்திய யுனானி ஆராய்ச்சிக் குழு, வழக்கமான வலிப்பு மருந்தை நிறுத்தாமல், அதோடு வேரைத் துணையாகச் சேர்த்துப் போலிமருந்தோடு ஒப்பிடலாம். பக்கவிளைவுகளைச் சரிதா விகாரிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தின் ஆயுஷ் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு ஹக்கீம்களும் நரம்பியல் மருத்துவர்களும் ஒருசேர அறிவிக்க வேண்டும். அதுவரை, வலிப்பு நோயாளிக்கு இவ்வேரை மாற்று மருந்தாகப் பரிந்துரைக்கச் சீன ஆய்வுகளை ஆதாரம் காட்டுவது ஏற்கத்தக்கதன்று.