எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: பூண்டுலோயாத் தோட்டங்களின் காமன் கூத்தும் அதன் சுவைஞர் விவாதமும்

நாட்டார் கூத்துக்கள் பற்றி நம்மிடையே எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடலின் யாப்பையும் ஆட்டத்தின் அமைப்பையும் சடங்கின் தோற்றத்தையுமே நோக்கின. கூத்தைப் பார்த்தவர்கள் அதனைப் பற்றித் தமக்குள் என்ன பேசினார்கள், எந்த வாத்தியாரை எதற்காக உயர்த்தினார்கள், எவரை எதற்காகத் தாழ்த்தினார்கள் என்பன ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்பட்டது அரிது. திறனாய்வு என்பது எழுத்தறிந்த மத்தியதர வர்க்கத்தின் தனியுடைமை என்ற எண்ணமே இப்புறக்கணிப்பின் அடியில் உள்ளது எனலாம். மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தை எடுத்துக்கொண்டு இவ்வெண்ணத்தைச் சோதிப்பதே எமது நோக்கமாகும்.

தலவாக்கலையிலிருந்து கொத்மலைப் பக்கமாகச் செல்லும் பாதையில் அமைந்த சிறு நகரம் பூண்டுலோயா. அதனைச் சூழ்ந்து டன்சினன், சீன், ஹெரோ முதலிய தோட்டங்கள் உள்ளன. டன்சினன் என்பது ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தால் உலகறிந்த பெயர். தோட்டத்தின் பெயர்ப்பலகையில் இவ்வாறு ஒரு நாடகத்தின் நினைவு தங்கியிருக்க, அதே மண்ணில் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் தமது நாடகத்தை ஆடினர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது, பருவ வேலைக்கு வந்துபோன கூலிகள் ஆண்டு முழுவதும் தங்கும் குடியினராயினர். ஆண்டு தோறும் நிகழவேண்டிய ஒரு விழாக்கூத்து வேரூன்றுவதற்கு இந்நிலைபேறு இன்றியமையாததாக இருந்தது.

காமவழிபாடு தமிழர்க்குப் புதிதன்று. காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு தேவந்தி கூற, கண்ணகி அதனை மறுத்துரைப்பதைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். தோட்டங்களில் மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றப்படுகிறது. அவ்விடம் காமன் பொட்டல் எனப்படும். தொடர்ந்து பல இரவுகள் ரதியும் மன்மதனும் தப்பின் அடிக்கு ஆடுவர்; தூதன், தட்சன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி, கோமாளி எனப் பாத்திரங்கள் சேர்ந்துகொண்டே போகும். சிவனின் தவம் கலைய, நெற்றிக்கண் திறக்க, காமன் தகனமாகிறான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

இக்கதைமுடிவே விவாதத்துக்கு இடமளிப்பது. எரிந்தவன் ஒருத்திக்கு மட்டும் தெரிவானாயின் அவன் எரிந்தானா, எரியவில்லையா? இவ்வினாவை மையமாகக் கொண்டு எழுந்ததே லாவணி. மராத்தியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் (1676–1855) மராட்டியத்திலிருந்து வந்த இவ்விசைவடிவம், தமிழ்நாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு கூறாகப் பிரிந்து வாதிடும் மரபாயிற்று. ஒரு கட்சி பாட்டிலேயே வினா எழுப்பும். மறுகட்சி பாட்டிலேயே விடை கூறி எதிர்வினா தொடுக்கவேண்டும். விடை தெரியாது திகைப்பவர் தோற்றவராவார். காமன் சாம்பலாகிவிட்டான் என்பார்க்கு, அவ்வாறாயின் உலகில் உயிர்கள் எவ்வாறு பெருகுகின்றன என்ற கேள்வி காத்திருக்கும். கோடைவெயிலின்றிக் குளிரும் பனியும் சூழ்ந்த மலைகளுக்கும் இவ்வாதம் கூத்தோடு கூடவே வந்தது. அதனைக் கேட்டு வளர்ந்தவர்கள், எதிலும் இரு பக்கம் உண்டென்பதையும், ஒரு பக்கத்தைப் பிடித்தால் காரணம் காட்டவேண்டும் என்பதையும் பொட்டலிலேயே கற்றுக்கொண்டனர் என்பது எமது துணிபு.

இப்பழக்கம் கதையோடு நிற்கவில்லை. கூத்தை ஆக்கியவரையும் தொட்டது. வாத்தியார் அல்லது மாஸ்டர் எனப்படுபவர் வெறும் பாட்டுக்காரர் அல்லர். பாத்திரங்களுக்கு ஆள் தேர்வதும், அடவு பழக்குவதும், எந்த இரவில் எந்தக் காட்சி வரவேண்டும் என்று வகுப்பதும், பாட்டுக் கொப்பியைக் காப்பதும், வேண்டுமிடத்துப் புதுப்பாட்டுக் கட்டுவதும் அவரே. எனவே ஒரு தோட்டத்தின் ஆட்டம் இன்னொரு தோட்டத்தின் ஆட்டத்தினின்று வேறுபடுவது அவரது கைவண்ணத்தாலாகும். மேலைநாடுகளிலும் யப்பானிலும் 1980களில் கணினி ஆட்டங்களை ஆக்கியோரைப் பற்றி அவ்வாட்டங்களின் சுவைஞர் இன்றும் ஓயாது வாதிடுவதையும், வெளியிட்டவர்கள் கைவிட்ட பல ஆட்டங்களை அச்சுவைஞரே தேடிப் பாதுகாப்பதையும் அறிவோம். அவர்களைச் சிரத்தையுள்ளோர் என்று பாராட்டும் நாம், மறைந்த ஒரு காமன் வாத்தியாரைப் பற்றி இஸ்தோப்பில் அமர்ந்து சண்டையிடும் முதியோரை வீண்பேச்சுக்காரர் என்று கருதுவது என்ன நியாயமோ தெரியவில்லை.

அம்முதியோரின் பேச்சைச் செவிமடுக்குமிடத்துச் சில நிலைப்பாடுகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. பழைய வாத்தியார் குருவிடம் கேட்ட பாடத்தை ஓரடி வழுவாது பாடியவர், ஆதலால் அவரே பெரியவர் என்பது ஒன்று. இதனை மறுப்போர், கொப்பியிலிருந்ததை ஒப்புவிக்க எவராலும் இயலும், கொழுந்துக்கூடையையும் கணக்கப்பிள்ளையின் தராசையும் குறத்தியின் வாயில் வைத்துப் பாடியவரே வாத்தியார் என்பர். சினிமா மெட்டு நுழைந்தபின் கூத்துக் கெட்டது என்பார் ஒருபுறம்; மெட்டு மாறியதாலன்றோ இளையவர்கள் பொட்டலுக்கு வந்தார்கள் என்பார் மறுபுறம். மரபும் புதுமையும் பற்றி நமது சஞ்சிகைகளில் நடந்த விவாதங்களுக்கு இவை எவ்வகையிலும் குறைந்தவையல்ல. ஒரு வேறுபாடு உண்டு. நமது விமர்சகர்கள் தாம் ஆடாத நாடகங்களைப் பற்றி எழுதினர். இவர்களுட் பலர் தூதனாகவோ எமனாகவோ ஒருமுறையேனும் வேடம் கட்டியவர்கள்.

ரதியின் புலம்பல் பற்றிய மதிப்பீடு தனியே நோக்கத்தக்கது. ரதி வேடத்தை மரபாக ஆண்களே ஏற்றனர். பொட்டலில் பெண்ணுக்கு ஆட இடமில்லை. ஆயின் அப்புலம்பல் தேறியதா என்று தீர்ப்பதற்குரிய தகுதி பெண்களிடமே இருந்தது. லயத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி பாடுவோர் அவர்களே. தாலி இழந்தவளின் சொல் எங்கே தொடங்கும், எங்கே மூச்சு முறியும், எந்த இடத்தில் ஏச்சாக மாறும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். ரதி அழும்போது பெண்கள் அழவில்லையென்றால் அந்த ஆண்டுக் கூத்துத் தோற்றது என்று ஆண்களே ஒப்புக்கொள்வர். வேடம் மறுக்கப்பட்டவர்களிடம் தீர்ப்பு இருந்ததென்பது ஆறுதலன்று. எனினும் மலையகப் பெண்ணின் கலையறிவைத் தேடுவோர் தாலாட்டு, ஒப்பாரித் தொகுப்புகளோடு நின்றுவிடாமல் இத்தீர்ப்புகளையும் பதிவுசெய்தல் வேண்டும்.

இவ்வளவு வேகத்தோடு ஒரு வாத்தியாருக்காக வாதிடவேண்டிய தேவை என்ன? தோட்டத்தில் ஒருவனின் இருப்பு செக்றோலில் விழும் பேரால் அளக்கப்படுவது. நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் போடுபவர் துரைத்தனத்தின் ஆள், அவரோடு வாதிடுவதற்கில்லை. கூத்துப்பொட்டலில் ஒருவனுக்கு முழுப்பேர் கொடுப்பதும் குறைப்பதும் சக தொழிலாளர் கையில் இருந்தது. அங்கே காரணம் கேட்கலாம், மறுக்கலாம், அடுத்த மாசிவரை சண்டையைத் தொடரலாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்த ஒரு மக்கட்கூட்டம் தீர்ப்பளிக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்திருந்த களங்களுள் இதுவும் ஒன்று.

ஆயின் இவ்விவாதத்தை நாம் மிகைப்படுத்திப் போற்றுவதற்கில்லை. வாத்தியாரின் பெயரைச் சொல்லிச் சண்டையிடும் அதே நாவுகள், விடிய விடியத் தப்பு அடித்தவரின் பெயரைச் சொல்வதில்லை. தப்பின்றிக் காமன் ஓரடி எடுத்து வைக்கமாட்டான். அடியின் வேகத்தை மாற்றி ஆட்டத்தைத் தூக்கிநிறுத்துபவர் அவரே. எனினும் தப்படித்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினராதலால், அவர்களது திறன் கலையாகவன்றிக் கடமையாகவே எண்ணப்பட்டது. கங்காணிமுறையோடு கடல் கடந்து வந்த சாதி, சுவையின் அளவுகோலுக்குள்ளும் புகுந்திருந்தது. நாம் பேசிய இடங்களில் வாத்தியார்களின் பெயர்கள் இலகுவில் கிடைத்தன. தப்புக் கலைஞரைப் பற்றிக் கேட்டபோது “அவங்க வந்து அடிப்பாங்க” என்பதற்குமேல் விடை கிடைக்கவில்லை.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்களாகப் பிரிக்கப்பட்டவர்களுள் காமனும் ரதியும் இருந்தனர். வாத்தியார் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போக, அவரது சீடன் இங்கே தங்கினான். எரிந்த கட்சி இங்கிருக்க, எரியாத கட்சி தலைமன்னாரில் கப்பலேறியது. பாட்டுக் கொப்பிகள் தகரப்பெட்டிகளுக்குள் கடல் கடந்தன. 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது. எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் லாவணி இல்லை. காமன் கூத்து தொடர்ந்து ஆடப்பட்ட தோட்டங்களிலும் லாவணி மெலிந்தமைக்கு, நாகரிக மோகத்தைவிட இப்பிரிவினை வலிய காரணமெனக் கருதுகிறோம்.

இதே காலத்தில் மலையடிவாரத்துப் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் புதுக்கி மேடையேற்றிக்கொண்டிருந்தார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியன ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றின் மைல்கற்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றின் ஆட்டமும் அளிக்கையும் மட்டக்களப்பு மரபைச் சார்ந்தவை. பல்கலைக்கழகத்துக்கு மிக அண்மையில், மாசி தோறும் ஆடப்பட்ட தோட்டக் கூத்து அவ்வாறானதொரு மறுமலர்ச்சியைப் பெறவில்லை. மடக்கொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்ததும், பிற்காலத்தில் மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளை ஆராய்ந்ததும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின.

2018இல் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. லய வாழ்வின் நெருக்கடியை அறிந்த எவரும் தனிவீட்டை வரவேற்பர். பொட்டலுக்காக மக்கள் பத்தடி அறையில் இருக்கவேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார். கொழும்பில் வேலைபார்க்கும் இளைஞர் மாசியில் ஊர் திரும்பிக் கைத்தொலைபேசியில் கூத்தைப் பதிந்துகொள்கின்றனர். அப்பதிவைப் பார்த்த ஒரு முதியவர், இவன் ரதி புலம்பலைப் பாதியாக வெட்டிவிட்டான், பழைய வாத்தியார் இருந்திருந்தால் பொட்டலை விட்டே துரத்தியிருப்பார் என்றார். அருகிலிருந்த அவர் மனைவி மறுத்தார்: பழையவர் நீட்டி நீட்டிப் பாடினாரேயன்றி ஒருநாளும் தம்மை அழவைத்ததில்லை, இந்தப் பையன் அழவைத்தான். அவர் விடவில்லை. நாம் விடைபெற்று இறங்கும்போதும் உள்ளே வாக்குவாதம் கேட்டுக்கொண்டிருந்தது.