அடக்கிய மூத்திரத்தின் வரலாறு

1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது எழுதப்பட்ட வரலாறு. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு தைத்தவளின் கதையை எவன் எழுதினான்? 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேணும்னுச்சு. பீஸ் ரேட்டில் எழுந்துபோனால் கூலி போச்சு. அதனால் தண்ணியே குடிக்கிறதில்லை.

நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு' என்று மோர் குடிக்கிறாள். சூடல்ல, கிருமி. 1885இல் எஷரிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்ட ஈகோலைதான் பெரும்பாலும். பெண்ணுக்கு மூத்திரக்குழாய் நாலு சென்டிமீட்டர்தான், சுலபமாய் ஏறிவிடும். அடக்க அடக்கப் பெருகும். மூத்திரத்தைச் சோதித்து, மருத்துவர் சொன்ன நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்டால் தீரும். எரிச்சல் நின்னதும் நிறுத்தினால் திரும்பலாம். குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்டால் கிருமி சிறுநீரகத்துக்குப் போயிருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். ஷிப்டு முடியட்டும் என்பான் சூப்பர்வைசர்.