முதல் பங்கு யாருக்கு? மன்னாரின் வீட்டுக் கணக்கு

"அந்தக் காலத்தில காசு இல்லை, ஆனா பசியும் இல்லை." எங்கட வீடுகளில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லுகிற கதை இது. நாங்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். உண்மையில் அப்படித்தானா? மன்னார்த் தீவையும் கரையையும் வைத்து ஒருக்கால் கணக்குப் பார்ப்போம்.

மன்னாரில் பெருங்காசு புழங்கியது முத்துக்குளிப்பில்தான். குளிப்பு நடக்கிற ஆண்டுகளில் மரிச்சுக்கட்டிக் கரையில் ஒரு நகரமே முளைத்துவிடும். 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் அளவில் வருமானம். மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவருக்கு என்ன கிடைத்தது? எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கயிறு பிடித்தவருக்கும் தோணிக்கும் அதற்குள்தான் கொடுக்கவேண்டும். மற்ற இரண்டு பங்கும் அரசின் ஏலத்துக்குப் போனது. 1906இல் பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை, கம்பனியும் மூடப்பட்டது. 1925 குளிப்போடு அந்தக் கதை பெரும்பாலும் முடிந்தது.

அப்படியென்றால் சனம் எதில் சீவித்தது? மீனிலும் பனையிலும். தோணியைப் பாய் இழுத்தது, காற்றுக்கு விலை இல்லை. ஒடியல், பனாட்டு, பாய், பெட்டி எல்லாம் வளவிலிருந்தே வந்தன. பெரியவர்கள் சொல்வதில் இந்தப் பாதி உண்மை. மற்றப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. கரைவலையில் முதல் பங்கு வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிக்கு. முற்பணம் வாங்கினவர் அதை அடைக்கிறவரைக்கும் வேறு வலைக்குப் போகமுடியாது. அரிசியும் காசுக்குத்தான். 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது நாடே ஹர்த்தால் செய்தது. 45 சதத்துக்கு நாடு கொதித்ததென்றால் அன்றைய வீடுகளில் மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்?

பிறகு நைலோன் வலையும் இயந்திரமும் வந்தன. தூரம் போகலாம், கூடப் பிடிக்கலாம். வருமானம் ஏறியது மெய். ஆனால் காற்று செய்த வேலைக்கு இப்போது எண்ணெய் வாங்கவேண்டும். மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தச் செலவு நின்றது.

போர் இந்தக் கணக்கையே கிழித்துப் போட்டது. 1914இலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய ரயில் 1990இல் நின்றது, திரும்பி வந்தது 2015இல். கடலுக்குப் போக பாஸ் தேவைப்பட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிக் குடும்பங்கள் வீடு, தோணி, வலை, கடை எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. தலைமுறைகள் சேர்த்தது சில நாட்களில் இல்லாமல் போனது. மன்னாரின் வருமான வரலாற்றை எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

2009க்குப் பிறகு சமாதானத்தோடு கடனும் வந்தது. சம்மாட்டியின் முற்பணம் இருந்த இடத்தில் வாராவாரம் கதவைத் தட்டுகிற நுண்கடன் வந்து நின்றது. இரவில் இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்தால் அந்த இழப்பும் அதே வீட்டுக்குத்தான்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. ஒரு படகு நாளுக்கு 20 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆகிறது. மீனின் விலையோ நாலு மடங்காகவில்லை. அந்த வருடம் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் படகேறிய குடும்பங்கள் போருக்குப் பயந்து போகவில்லை, அரிசி விலைக்குப் பயந்து போயின.

ஆக, அப்பம்மாவின் காலத்தில் கையில் வந்தது குறைவு, எங்கட காலத்தில் கையில் வருவது கூட. ஆனால் அரசு, சம்மாட்டி, கடன்காரர், எண்ணெய் என்று யாராவது ஒருவர் முதல் பங்கை எடுத்த பிறகுதான் வீட்டுக்கு மிச்சம் வந்திருக்கிறது. அது மட்டும் மாறவில்லை.

அடுத்தமுறை வீட்டுக்குப் போகும்போது "அப்ப சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "முதல்ல யாருக்குக் குடுத்தனீங்கள்? வீட்டுக்கு என்ன மிஞ்சினது?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதியும் வையுங்கள். எங்கட கரையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.